பின் பல்கனியில் ஒரு ஓர்க்கிட்

போன கிழமை நகரத்தின் மேற்கு ஓரம், புவாண்ட்-கிளேரில் ஒரு பூக்கடையைக் கடந்தபோது ஈரமான மரப்பட்டை வாசம் வந்தது. நான் சப்பாத்து வாங்கப் போனவன். ஆனாலும் கால் நின்றுவிட்டது.

தொண்ணூறுகளில் எங்கள் பின் பல்கனியில் அந்த வாசம்தான். அப்போது நான் இந்தப் பக்கத்துப் பூச்செடிப் பண்டசாலை ஒன்றில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். பூ முடிந்ததென்று குப்பைக்கு ஒதுக்கிய சிம்பிடியம் ஓர்க்கிட் ஒன்றைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கலியாணம் முடித்த கையோடு மட்டக்களப்பில் விட்டுவந்த மனைவி விசாவுக்குக் காத்திருந்தாள். அவள் வருவதற்குள் இது பூக்க வேண்டும் என்று நேர்த்தி வைக்காத குறை.

கோடை முழுக்கச் செடி வெளியேதான். ஆனால் காற்று கொஞ்சம் சில்லென்றாலே உள்ளே தூக்கிவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். எனக்கு விறைத்தால் அதற்கும் விறைக்கும் என்ற நினைப்பு! இலை தழைத்தது, பூவைக் காணோம். தொலைபேசிக் கடையில் காத்திருந்து பேசும் அவள் விசாவைப் பற்றிக் கேட்கமாட்டாள். கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். "இஞ்சாருங்க, அது பூத்திட்டா?" என்பாள்.

ஓர் இலையுதிர்காலத்தில், கூட்டாளியின் கலியாணத்துக்கென்று ரொறன்ரோ போய் ஒரு கிழமை நின்றுவிட்டேன். செடி வெளியே குளிரில் கிடந்தது. செத்திருக்கும் என்று பயந்து வந்தால், ஒரு வாட்டமில்லை. நத்தார் பண்டிகைக்கு முன் அடியிலிருந்து பூந்தண்டு எட்டிப் பார்த்தது. கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். இரவுக் குளிர் படாமல் இந்த இனம் பூக்காதாம்.

அவளுக்குப் போனில் சொன்னேன்.

"அப்ப நீங்க எப்ப பூக்கிற? இவ்வளவு காலமாக் குளிருக்குள்ளதானே கிடக்கிறீங்க."

லைன் அறுந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு அழுதேன்.

பங்குனியில் பூவும் வந்தது, விசாவும் வந்தது. தண்டோடு வெட்டிக்கொண்டு மிராபெல் விமான நிலையத்துக்குப் புறப்பட்டேன். மாதக்கணக்கில் நிற்கும் பூவை வெட்டுவார்களா என்று மதாம் தலையில் அடித்துக்கொண்டார். பூ என்றால் தலையில் வைக்கத்தானே? வேறெதற்கு என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவு திறந்து அவள் வந்தாள். ஒன்றைக் கிள்ளிக் கொண்டையில் செருகினாள். வெளியே பனி கொட்டுகிறது, கோட்டுத் தொப்பியைப் போட மாட்டேன் என்கிறாள், பூ கசங்கிவிடுமாம்.

மிராபெலில் இப்போது பயணிகள் இறங்குவதில்லை. கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். போன வருடம் அவளும் போய்விட்டாள். அந்தக் கதவு மட்டும் இருந்திருந்தால், வரமாட்டாள் என்று தெரிந்தும் ஒருநாள் போய் நின்றிருப்பேன்.