ஷிஃப்டுக்குப் போனவர் இடம்

எங்கள் இசைக்குழுவில் ஒரு சட்டம் உண்டு. ஷிஃப்டுக்குப் போனவரின் இடத்தை இன்னொருவர் வாசிக்கக் கூடாது. அவர் தனியாக வாசிக்க வேண்டிய பகுதி வந்தால், மற்றவர்கள் கருவியை இறக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தபலா மட்டும் அடங்கிய குரலில் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இடம் கடந்ததும் எல்லோரும் சேர்ந்து தொடர வேண்டும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நெய்வேலியில் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அனல் மின் நிலையத்துக்குப் பொங்கலும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. நாங்களோ மைன்ஸ் ஆட்கள், ஒரு நர்ஸ், ஒரு பாங்க் கிளார்க், வயலின் வாசிக்கிற பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரான நான் என்று ஆசைக்காகக் கூடுகிற கூட்டம். எல்லோரும் ஒன்றாக ஒத்திகைக்கு வந்த நாளை நான் பார்த்ததே இல்லை. ஆரம்ப காலத்தில் ஒருவர் இடத்தை இன்னொருவர் வாசிக்கப்போய், ஷிஃப்ட் முடிந்து வந்தவர் முகம் தொங்கிப்போய், பேச்சுவார்த்தையே நின்றுவிட்டதாம். அதிலிருந்துதான் இந்தச் சட்டம்.

பொங்கலன்று மாலை கிளப் ஹாலில் நாங்கள் வாசிப்பதற்கென்றே எங்கள் கீபோர்டுக்காரர் ஒரு மெட்டுப் போட்டிருந்தார். குழுவை நடத்துகிறவரும் அவர்தான். பானையில் பால் சூடேறுகிற மாதிரி வயலின்களும் புல்லாங்குழலும் படிப்படியாக ஏறும். உச்சியில் நாங்கள் நிறுத்திவிட, கிளாரினெட் மட்டும் தனியாகப் பொங்கி வழியும். அதை வாசித்தவர் பாய்லர் பக்கம் ஷிஃப்ட் பார்த்தவர். பாதிப் பொங்கல்களுக்கு அவருக்கு டியூட்டி இருக்கும். அந்த வருடங்களில் பால் ஏறி ஏறிக் கடைசியில் தபலா மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். எங்கள் தபலாக்காரர், வளையமாதேவிப் பக்கத்து ஆள், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவர், இந்த வருசமும் பானை பொங்கவே இல்ல என்று கிண்டல் பண்ணுவார். கிளாரினெட்காரரின் மனைவி மட்டும் முன்வரிசையில் கூச்சமில்லாமல் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த மௌனம் வந்தால் தன் வீட்டுக்காரர் வேலையில் இருக்கிறார், முடித்துவிட்டு வருவார் என்று அர்த்தம். அந்த அம்மாவுக்கு அதுவும் பாட்டில் ஒரு பகுதிதான்.

போன கார்த்திகையில் அவர் இறந்துபோனார். குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மார்கழியில் பொங்கல் ஒத்திகை தொடங்கியது. எழவு, நாங்கள் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. உச்சிக்கு ஏறினோம். நிறுத்தினோம். வில்லை மடியில் வைத்தோம். தபலா தட்டிக்கொண்டிருந்தது. இனி அவர் வரப்போவதில்லை, இந்த இடத்தை என்ன செய்யலாம் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கை பழகிப்போய்விட்டது. அவர் செகண்ட் ஷிஃப்டில் இருக்கிற மாதிரியே அவருக்கு இடம் விட்டுவிட்டு நாங்கள் பாட்டுக்கு மேலே போனோம்.

இதோடு நின்றிருந்தால் மறதி என்று விட்டிருப்பேன். அவர் எப்போதும் என் இடப்பக்கம்தான் உட்காருவார். வாசிக்கத் தொடங்கும் முன் மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார். சளி பிடித்தவர் மாதிரி இருக்கும். எத்தனையோ தடவை நான் முகம் சுளித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மௌனத்தில் என் இடப்பக்கம் அந்த இழுப்பு கேட்டது. மின்விசிறியாக இருக்கும் என்றேன் மனதுக்குள். அடுத்த ஒத்திகையில் விசிறியை நிறுத்தச் சொன்னேன். அப்போதும் கேட்டது. பேய் பிசாசு என்று யாராவது பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது தபலாக்காரர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"டீச்சர், அவரு மூச்சு இழுக்கிறது எனக்கும் கேட்டுக்கினுதான் இருக்குது. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அந்த வாரமே அவருடைய மகள் என்னைத் தேடி வந்தாள். பெங்களூரில் வேலை. என்னிடம் படித்த பெண். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், பொங்கல் கழிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வண்டியும் பேசியாயிற்று, ஆனால் அம்மா ஒரு பாத்திரத்தைக்கூட மூட்டை கட்ட விடவில்லை என்றாள். அப்பாவின் காரியமெல்லாம் முறையாகச் செய்தவர்தான் அம்மா. பகலில் தெளிவாகத்தான் இருக்கிறார். சாயங்காலமானால், அப்பா செகண்ட் ஷிஃப்ட், ராத்திரி வந்ததும் கேட்டுக்கொண்டு போகலாம் என்கிறாராம். நம்பாமல் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா காபி கொடுத்தார், பலாமரத்தில் பிஞ்சு விட்டிருப்பதைக் காட்டினார், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கிளம்பும்போது, ஒத்திகையில் அவர் இடத்தை விட்டுத்தானே வாசிக்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். நிம்மதியாகத் தலையாட்டினார்.

வாசல்வரை வந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அந்த எடத்த நீங்க வாசிச்சிருங்க. அது காலியா இருக்கிற வரைக்கும் அம்மா வரமாட்டாங்க. அவங்கள இங்க தனியா விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் தலையில் எதைக் கட்டுகிறாள் இந்தப் பெண் என்று நினைத்தேன். அப்புறம் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவள் சொன்னது நியாயம். அதைவிட மோசமான உண்மை, எனக்கே அந்த இடத்தை நிரப்ப மனமில்லை. பயந்துகொண்டேதான், ஆனால் அந்த மூச்சுக்காகவேதான் நான் ஒத்திகைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். கடைசியில், அந்த இடத்தை நானே வாசிக்கிறேன் என்று கீபோர்டுக்காரரிடம் சொன்னதும் அவர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இத்தனை வருடமாக இல்லாத வழக்கமா என்றார். அவர் ஷிஃப்டுக்குப் போகவில்லை சார், செத்துப்போய்விட்டார் என்று கத்திவிட்டேன். ஹாலில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுவரை எங்களில் யாரும் அந்த வார்த்தையை அங்கே சொன்னதில்லை. கீபோர்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வாசியுங்கள் என்றார்.

ஒத்திகையில் வாசித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். பொங்கலன்று மாலை ஹால் நிறைந்திருந்தது. பட்டுப் பாவாடைகளும் கரும்பு கடிக்கிற பிள்ளைகளுமாக ஒரே இரைச்சல். முன்வரிசையில் அந்த அம்மா, பக்கத்தில் மகள். உச்சிக்கு ஏறினோம். எல்லோரும் நிறுத்தினார்கள். பழக்கத்தில் என் கையும் இறங்கப் பார்த்தது. அந்த அம்மா எப்போதும்போலச் சிரிக்கத் தயாராக இருந்தார். அப்போது என் இடப்பக்கம் அந்த இழுப்பு, ஒத்திகைகளில் கேட்டதைவிடப் பக்கத்தில், காதோரமாகக் கேட்டது. நான் வில்லைத் தந்தியில் வைத்தேன்.

எப்படி வாசித்தேன் என்று தெரியாது. ஓரிடத்தில் சுருதி பிசகியது மட்டும் தெரியும். முடியும்வரை முன்வரிசையைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. நான் அவரை வழியனுப்பினேனா, துரத்தினேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பொன்னாடையெல்லாம் முடிந்து வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா மேடைக்குப் பின்னால் வந்தார். மகள் சற்றுத் தள்ளி நின்றாள்.

"நீங்க வாசிச்சீங்களே டீச்சர்," என்றார்.

"ஆமாங்கம்மா."

"அப்ப அவரு வரமாட்டாரா?"

பொய் சொல்ல நாக்கு துடித்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரமாட்டாருங்கம்மா," என்றேன்.

அந்த அம்மா அழவில்லை. என் தோளில் கலைந்திருந்த புடவையைச் சரிசெய்துவிட்டார், ஏதோ அழுகிறவள் நான் என்பதுபோல. பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு வாசல் கேட்டப் பூட்டிட்டுப் படுத்துக்கலாம்டி. அப்பா வந்து நிப்பாரேன்னுதான் தெனமும் தொறந்து வச்சிருந்தேன்."