லித்தியத்தின் மேல் விழுந்த பழி

நான் பொய் சொன்னேன். அதை நம்பி ஒரு மனிதர் வானத்தில் ஏறினார். இடுப்பெலும்பு நொறுங்கித்தான் மண்ணுக்கு வந்தார்.

முகத்தைச் சுளிக்காதே. உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கொடுக்க உன்னிடம் அது இருக்கிறதா என்ன!

என் பெயர் மாரி. எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ஆம்பூரில் லாரிப் பட்டறை, ஓசூரில் பேட்டரிக் கடை, பெங்களூர் ஈஜிபுராவில் இன்வெர்ட்டர் வேலை... எங்கும் நிலைத்ததில்லை. படுக்க இடமில்லாதபோது பேட்டரிகளின் மேல் அட்டை விரித்துப் படுத்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஹெப்பகோடியில் ரகு சாரிடம் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். வாடகை ஷெட்டில், சொந்தக் கையால் ஒரு சின்ன விமானம் கட்டிக்கொண்டிருந்தார். ஒயரிங் என் பொறுப்பு.

அந்த எஞ்சினுக்குத் தீப்பொறியே கரெண்டில்தான். கரெண்ட் போனால் எஞ்சின் நிற்கும். அதனால் இரண்டு பேட்டரி. ஒன்று ஓடுவதற்கு. அது கைவிட்டால் தரையிறங்கும்வரை தாங்க இன்னொன்று, பேக்கப். இரண்டும் ஈய பேட்டரியாக இருக்கட்டும் என்றேன். பேக்கப்புக்கு லித்தியம்தான், எடை பாதிகூட இல்லை என்றார் அவர்.

"நீ லாரிக்குக் கட்டுனவன், மாரி. இது பறக்கணும்."

"பறக்குறது சரி சார். இறங்குறதுக்கும் கரெண்ட் வேணும்ல."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன்.

ஆயுத பூஜையன்று மாலை தெருவில் கரெண்ட் போனது. ரகு சார் ஊருக்குப் போயிருந்தார். மற்ற பட்டறைகள் ஜெனரேட்டர் போட்டு ஜொலித்தன. சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து, மாலை போட்டிருந்த எங்கள் விமானம் மட்டும் இருட்டில். பக்கத்துப் பட்டறை வெல்டர் மஞ்சுநாத் எட்டிப் பார்த்தான். அவனுக்கு எல்லாரும் 'குரு'தான்.

"என்ன குரு, ஏரோப்ளேனுக்கு பில் கட்டலியா?"

என் கை எதை எடுத்தது தெரியுமா? நான் தேர்ந்தெடுத்த ஈய பேட்டரியை அல்ல... அவருடைய செல்ல லித்தியத்தை! சின்ன இன்வெர்ட்டரில் மாட்டி சீரியல் பல்பை எரியவிட்டேன். பிறகு மஞ்சுநாத்தோடு குடிக்கப் போய் அங்கேயே தூங்கிப்போனேன். காலையில் வந்தபோது பல்பெல்லாம் அணைந்திருந்தது.

அடிவரை வற்றவிட்டால் லித்தியம் உள்ளே செத்துப்போகும். திரும்ப சார்ஜ் ஏற்றினால் மீட்டரில் வோல்ட் ஒழுங்காகக் காட்டும். பாரம் கொடுத்தால் தாங்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சார்ஜ் ஏற்றி, துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டினேன்.

விமானத்தை ஓடுதளத்துக்கு ஏற்றிப் போகும் முன் அவர் கேட்டார். "பேக்கப்ப லோடு போட்டுப் பாத்துட்டியா?"

"பாத்தாச்சு சார். கல்லு மாதிரி இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயமா? வேலை போவது எனக்கு என்ன புதிதா! அவர் முன்னால் தலைகுனிய முடியவில்லை... அவ்வளவுதான். அவருடைய லித்தியம் தோற்றுக் காட்டட்டும் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்தேனா? நினைத்தேன்.

சில வாரங்கள் நன்றாகவே பறந்தார். ஒருநாள் மேலே, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நின்றது. ஈய பேட்டரி திரும்பும் வழியில் பாதிவரை இழுத்தது. பேக்கப்புக்கு மாற்றியதுமே எஞ்சின் இருமி அடங்கிவிட்டதாம். ராகிக் கொல்லையில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அன்னைக்கே சொன்ன, மாரி. நான்தான் திமிர்ல கேக்கல."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து நான் பெரிய ஆள். விமானம் கட்டும் அவருடைய நண்பர்கள் எந்த பேட்டரி வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். லித்தியத்தைத் தொடாதீர்கள் என்கிறேன். குற்றமில்லாத ஒரு பொருளைத் திட்டி என் வயிறு நிறைகிறது... நீயாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாய், இல்லையா? எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது ஊன்றுகோலோடு இரண்டாவது விமானம் கட்டுகிறார். இரண்டும் ஈய பேட்டரி. அந்தக் கனத்தை ஈடுகட்டப் பெட்ரோல் டேங்கைச் சிறிதாக்குகிறார். பெட்ரோல் குறைந்தால் மேலே என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும். குறைக்கத் தேவையே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று அந்தச் சின்ன டேங்குக்கான தகட்டில் கோடு போட்டுக் கொடுத்தார்.

வெட்டிக் கொடுத்தேன்.