சனிக்கிழமைப் பொத்தான்

செய்தி வந்தபோது மாலை ஆறே கால். நவம்பர் மாதச் சனிக்கிழமை. குவோப்பியோ நகரில் என் வீட்டு அடுப்பில் ரை தானிய மாவு அப்பங்கள் வெந்துகொண்டிருந்தன. தொலைபேசியில் ஹெல்வி அத்தையின் வீட்டு எண். எடுத்தால் ஆண் குரல்.

"பிர்யோ, நான் ரைமோ பேசறேன். உன் அத்தை வீட்டுலதான் இருக்கேன்."

அந்தப் பெயரை எங்கள் குடும்பத்தில் மூன்று வருடமாக யாரும் நல்ல முகத்தோடு சொன்னதில்லை. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"கூப்பிட்டதும் வந்தியா?"

"வந்தேன். உடனே வந்தேன். ஆம்புலன்ஸும் வந்துச்சு. ஆனா அத்தை போயிட்டாங்க." பிறகு, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

நான் வைத்துவிட்டேன். அடுப்பை அணைத்தேன். அத்தைக்காக அழுவதற்கு முன்னால் எனக்கு வந்தது கோபம். அவள் சாகும்போது பக்கத்தில் இருந்தது இவனா என்ற கோபம்.

என் அப்பா தௌனோ, அத்தையின் தம்பி. சொந்த ஊரில், ஏரியின் ஒரு வளைகுடாவுக்கு இந்தப் பக்கம் அவர் வீடு, அந்தப் பக்கம் அத்தை வீடு. இருவரும் தனித்தனியாக, தங்கள் இஷ்டப்படி வாழ்ந்தார்கள். அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் ஐம்பது, அறுபது வயதில் இருக்கிற அத்தனை பேரும் அவள் கரண்டியிலிருந்து சாப்பிட்டவர்கள்தான், நானும் ரைமோவும் உட்பட.

அவள் எதையும் மறக்கிறவள் அல்ல. ஒரு தலைமையாசிரியர் அவளுடைய வியாழக்கிழமைப் பட்டாணி சூப் தண்ணியாக இருக்கிறது என்று பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டார். அடுத்த வியாழன் முதல் அவர் தட்டுக்கு மட்டும் அண்டாவின் அடி வண்டல் போனது. கரண்டியை நட்டால் நிற்கும். வருடம் முடியும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. பிறகு அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

அப்பாவுக்கு வயது எண்பதை நெருங்கியபோது ஊராட்சி ஒரு மணிக்கட்டுப் பட்டை கொடுத்தது. அதில் ஒரு சிவப்புப் பொத்தான். விழுந்தால் அழுத்த வேண்டும். வீட்டுக் கூடத்தில் ஒரு பேசும் பெட்டி இருக்கும். அழுத்தினால் மையத்தில் மணி அடிக்கும். அங்கிருந்து பெட்டி வழியாகப் பேசுவார்கள். தேவைப்பட்டால் ஆள் வரும். மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ரைமோ புர்சியாய்னன் நடத்திய சின்ன நிறுவனம். ஊராட்சி அவனிடம் பொறுப்பை ஒப்படைத்திருந்தது. சனிக்கிழமை மாலை ஆட்களுக்கு விடுப்பு கொடுத்துவிட்டு அழைப்புகளைத் தன் கைபேசிக்கே திருப்பிக்கொள்வான். சனிக்கிழமை மாலை சௌனா நேரம், சுட்ட கற்களில் தண்ணீர் ஊற்றி எழும் ஆவியில் குளிக்கிற நேரம். அந்த நேரத்தில் யாரையும் வேலை வாங்க எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது.

அந்தப் பட்டையோடு யாரும் சௌனாவின் வெப்பத்துக்குள் போவதில்லை. அதற்கு முன்னால் உள்ள கதகதப்பு அறையில் உடுப்பைக் கழற்றும்போது பட்டையையும் கழற்றி ஆணியில் மாட்டுவார்கள். கழற்றும்போது விரல் பட்டுப் பொத்தான் அழுந்தும். ஊர்க் கிழவர்கள் எல்லோர் வீட்டிலும் சனிக்கிழமை இது நடந்தது. பெட்டி கூடத்தில் கத்தும், ஆள் முற்றத்தைத் தாண்டி சௌனாவில் இருப்பார், பதில் வராது.

அப்பா விழுந்தது ஜனவரிச் சனிக்கிழமை ஒன்றில். குளித்து முடித்து வெளியே வந்தபோது கதகதப்பு அறையில் சறுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. ஆணிவரை ஊர்ந்துபோய்ப் பட்டையை இழுத்து அழுத்தியிருக்கிறார். யாரும் வரவில்லை. அடுப்பு அணைந்தது. வெளியே ஏரி உறைந்து கிடந்தது. அக்கரையிலிருந்து அத்தை முந்தின மாலை சௌனாப் புகையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தாள். ஞாயிறு காலை வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. பனிக்கட்டியின் மேல் தன் சறுக்கு வண்டியைக் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, அவள்தான் கதவைத் திறந்தாள்.

பட்டை அப்பாவின் உள்ளங்கைக்குள் இருந்தது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை என்று அத்தை சொன்னாள்.

விசாரணையில் ரைமோ சொன்னது இதுதான்: அழைப்பு எதுவும் வரவில்லை, சௌனாவிலிருந்து சமிக்ஞை வீட்டுப் பெட்டிவரை எட்டியிருக்காது, ஒருவேளை தௌனோ அழுத்தவே இல்லையோ என்னவோ. ஊராட்சி அதை ஏற்றுக்கொண்டது. இனிமேல் பதில் வராத எந்த அழைப்புக்கும் ஆள் நேரில் போயே ஆக வேண்டும் என்று ஒரு விதி போட்டுவிட்டுக் கலைந்தது.

தம்பி செத்ததைக்கூட அத்தை தாங்கிக்கொண்டாள். "அழுத்தவே இல்லையோ" என்ற சொல்லை அவளால் தாங்க முடியவில்லை.

"செத்தவன் மேல பழிய போடறான் பார். தௌனோ அமுத்தினான்னு அந்த ரைமோ வாயாலயே நான் கேக்கணும் பிர்யோ. அதுவரைக்கும் நான் சாகறதா இல்ல" என்றாள்.

அவள் வேறெதையும் கேட்கவில்லை. நஷ்ட ஈடு வேண்டாம், வழக்கு வேண்டாம். அந்த ஒரு சொல் போதும்.

வசந்தத்தில் அவளே ஊராட்சிக்குப் போய், தனக்கும் ஒரு பட்டை வேண்டும் என்றாள். எண்பது தாண்டியவள், தனியாக இருக்கிறவள், மறுக்க வழியில்லை. பெட்டியைப் பொருத்த ரைமோவே வந்தான். அவள் வீட்டிலும் சௌனா முற்றத்துக்கு அப்பால்தான், அப்பாவுடையதைவிடத் தள்ளியே இருந்தது.

முதல் சனிக்கிழமை கதகதப்பு அறையில் பட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். பெட்டி கூடத்தில் கத்தியது. அவள் உள்ளே போய்க் கற்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருந்தாள். விதி இருக்கிறதே. ரைமோ தன் சௌனாவைப் பாதியில் விட்டு, ஈரத் தலையோடு காரோட்டி வந்தான். அவள் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னாச்சு ஹெல்வியம்மா?"

"ஒண்ணும் ஆகல. சௌனாலேருந்து சத்தம் எட்டுதான்னு பாத்தேன். எட்டுது போலிருக்கே."

அடுத்த சனிக்கிழமையும். அதற்கடுத்ததும். குளிரிலும் சேற்றிலும் நடுக்கோடை வெளிச்சத்திலும் அவன் வந்தான். வேறு ஆளை அனுப்பிப் பார்த்தான். சனிக்கிழமை மாலை அந்த வேலைக்கு யாரும் நிற்கவில்லை. ஊராட்சியில் புகார் சொன்னான். கிழவியின் பட்டையைப் பிடுங்கிவிட்டு அவளும் செத்தால் யார் பதில் சொல்வது என்று அவர்கள் கேட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் அவள் அவனைச் சமையலறைவரை வரவிட்டாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு அவன் காலுறையோடு நிற்பான். அடுப்பில் காபிப் பாத்திரம் நிறைந்திருக்கும்; வாசனை வீட்டையே நிறைக்கும். அவள் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தபடி குடிப்பாள். எங்கள் ஊரில் வரி வசூலிக்க வந்தவனுக்குக்கூடக் காபி உண்டு. அவனுக்கு ஒரு சொட்டு கிடையாது. குடித்து முடித்ததும் அதே கேள்வி.

"தௌனோ அமுத்தினானா?"

"எனக்கு எந்த அழைப்பும் வரல ஹெல்வியம்மா."

"சரி, அடுத்த வாரம் பாப்போம்."

கடையில் இது எல்லோருக்கும் வேடிக்கையாகிவிட்டது. ரைமோ பால் வாங்க வந்தால், என்னப்பா, குளிச்சு எத்தனை மாசம் ஆச்சு என்று கேட்பார்கள். அவன் மனைவி சனிக்கிழமைகளில் தனியாகவே சௌனாவுக்குப் போகப் பழகிக்கொண்டாள் என்று பேச்சு. நான் அத்தைக்குத் தொலைபேசும்போது அவள் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாள். நான் சிரிப்பேன். அப்பாவின் விரல்கள் நினைவுக்கு வரும், இன்னும் கொஞ்சம் சிரிப்பேன்.

தப்பிக்க அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். பொத்தானே தேவைப்படாத கருவிகள். கதகதப்பு அறைக் கூரையில் ஒரு கண்: ஆள் அசையாமல் கிடந்தால் அதுவே சொல்லும். கட்டிலடியில் கால் பட்டால் சொல்லும் ஒரு விரிப்பு, திறப்பதையும் மூடுவதையும் சொல்ல வாசற்கதவில் ஒன்று, குளிர்பெட்டியில் ஒன்று. இவையெல்லாம் அவள் நன்றாக இருக்கிறாள் என்று காட்டினால், வெறும் பொத்தான் சத்தத்துக்கு ஓடி வர வேண்டியதில்லை என்று ஊராட்சியில் எழுதி வாங்கிவிட்டான். அத்தை எல்லாவற்றையும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள்.

"இவ்வளவு கண்ணு வச்சிருக்கியே ரைமோ, வெக்கம் பாக்காம எல்லாத்தையும் பாத்துக்கோ" என்றாளாம்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை முதல் குளிர்பெட்டியைத் திறக்கவே இல்லை. ரொட்டியும் காபியும் மேசையிலேயே இருந்தன. மாலைக்குள் அவன் வந்துவிட்டான், கிழவி சாப்பிடவில்லையே என்று. மறுவாரம் வாசற்கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரம் பகல் முழுக்கப் அந்தக் கட்டிலடி விரிப்பின் மேல் காலை வைக்காமல் சுற்றி நடந்தாள். அவன் கொடுத்த ஒவ்வொரு கருவியும் அவனைக் கூப்பிட அவளுக்கு இன்னொரு கை. ஆனால் கதகதப்பு அறைக் கண்ணை மட்டும் அவள் ஏமாற்றவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். தௌனோ கிடந்த மாதிரி அந்தத் தரையில் படுத்து விளையாட முடியாது என்றாள்.

இந்த நவம்பர்ச் சனிக்கிழமை அவனைக் கூப்பிட்டது அந்தக் கண்தான்.

பிறகு நடந்தது ரைமோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றிரவு அவன் மறுபடி கூப்பிட்டான், இந்தமுறை நான் வைக்கவில்லை. அவன் போனபோது அத்தைக்கு உயிர் இருந்தது. மார்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, தன் கோட்டை அவள் மேல் போர்த்தி, தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறான். அவள் அவனை அடையாளம் கண்டாள். அப்போதும் அதே கேள்விதான்.

"தௌனோ அமுத்தினானா?"

"அமுத்தினார்" என்றிருக்கிறான்.

அவள் கண்ணை மூடி, திறந்து, "எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? என் சவப்பெட்டி முன்னாடி வந்து சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு" என்றாளாம். அவன் சரி என்றானாம். பேசியது அவ்வளவுதான்.

இதை அவன் முழுங்கியிருக்கலாம். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. அது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும், தொலைபேசியில் நான் சொன்னது இவ்வளவே:

"அடக்கத்துக்கு வந்து சொல்லலைன்னு வை, ஒவ்வொரு சனிக்கிழமையும் உன் வீட்டு வாசல்ல நான் வந்து நிப்பேன். எனக்கு அம்பத்தாறு வயசுதான். ரொம்ப வருஷம் நிக்கலாம்."

அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. எங்கள் வழக்கப்படி சவப்பெட்டி முன்னால் ஒவ்வொருவராகப் போய்ப் பூவை வைத்து, அதோடு கட்டிய அட்டையில் உள்ளதை உரக்கப் படித்தோம். நான் படித்தேன். உறவினர்கள் படித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைகள் சேர்ந்து வந்து ஒருத்தி படித்தாள். ரைமோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கப் போனார். அவன் எழுந்திருக்கவில்லை. நான் முன் வரிசையிலிருந்து திரும்பி அவனையே பார்த்தேன். நான் கண்ணை எடுக்கவே இல்லை. என் பார்வையைப் பார்த்துவிட்டுப் போதகரும் நிறுத்தினார்.

அவன் எழுந்தான். கையில் வெள்ளைச் செவ்வந்தி. அட்டை இல்லை.

"ஹெல்வியம்மா, சொன்னபடி வந்திருக்கேன்" என்றான். ஊர்ப் பக்கம் திரும்பினான். "தௌனோ அன்னிக்கு அமுத்தினார். என் போன் அடிச்சுது. நான் என் சௌனாவுல இருந்தேன். அவர் பேரப் பாத்தேன். பட்டையக் கழட்டறார்னு நெனச்சேன். ஒரு தடவை பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு வச்சிட்டேன். திரும்ப உள்ள போய்க் கல்லு மேல இன்னொரு கரண்டி தண்ணி ஊத்தினேன். அப்புறம் திரும்பவும் ரெண்டு தடவை அடிச்சுது. அதுக்கு நான் வெளிய வரவே இல்ல."

இரண்டு தடவை. அது எனக்குப் புதிது. அத்தைக்கும் தெரியாமல் போய்விட்டது.

அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் கையில் அதே பட்டை இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதைவிட நல்ல தீர்ப்பை எந்த நீதிமன்றமும் சொல்லியிருக்காது.

அடக்கத்துக்குப் பின் ஊர்க் கூடத்தில் காபி. அவன் வாசலில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. பிறகு கார் கிளம்பும் சத்தம் கேட்டது. கிறிஸ்துமஸுக்கு முன் ஊராட்சி அவனுடனான ஒப்பந்தத்தை முறித்தது. விசாரணையில் பொய் சொன்னதற்குக் காவல்துறை இப்போது அவனைக் கூப்பிட்டிருக்கிறது. கூப்பிட வைத்தது நான்தான். அத்தை வழக்கு வேண்டாம் என்றாள். அவளுக்கு அந்த இரண்டு தடவை தெரியாது.

சாகிற நேரத்தில் அவள் தலைக்குக் கீழே ஒரு மடி இருந்தது. அப்பாவுக்கு அதுவும் இல்லை. அவனை மன்னிக்க வேண்டும் என்று போதகர் சொல்கிறார், அவன் மனம் திருந்தியதே போதும் என்கிறார். திருந்தட்டும். மன்னிப்பது என் வேலை இல்லை.

சென்ற வாரம் வீட்டைப் பூட்டிவரப் போனேன். குளிர்காலக் காற்று புகாமல் இருக்க ஜன்னல் இடுக்குகளில் காகித நாடா ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் அத்தை. மற்ற எல்லா ஜன்னல்களும் முடிந்திருந்தன. சமையலறை ஜன்னலில் மட்டும் மூன்று பக்கம் ஒட்டியிருக்கிறது; சௌனாவுக்குப் பிறகு ஒட்டலாம் என்று விட்டிருப்பாள் போல, கீழ்ப் பக்கம் ஒட்டவில்லை.