ஓடக்காரர் ஒபதியாவும் வர்ற தண்ணிக் காலும்

ஒபதியா ட்ராஸ்க்குக்கு இடது எது, வலது எது என்று கடைசிவரை பிடிபடவில்லை. எங்கள் ஊரில் இது ரகசியமும் இல்லை. சட்டை மாட்டும்போதுகூட எந்தக் கையை முதலில் விடுவது என்று கொஞ்சம் யோசிப்பார். ஆனால் கண்ணைக் கட்டி எந்தக் காட்டில் கொண்டுபோய் விட்டாலும், பிஜன் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலை நீட்டிச் சரியாகச் சொல்வார். அந்த ஆற்றில்தான் அவர் ஓடம் விட்டார். தபால் வண்டி போகும் பெரிய சாலை அங்கே ஆற்றில் இறங்கி, எங்கள் கரையில் ஏறி, ஓஹையோ மாநிலத்தின் சோளக்காட்டுக்குள் போகிறது.

இடது வலது தெரியாதவனுக்கு வேறெந்த நாட்டிலும் ஒரு குறையும் வந்திருக்காது. எங்கள் நாட்டில் வந்தது. காரணம், முதல் ஜனாதிபதி காலத்தில் பிலடெல்பியாவில் நாடாளுமன்றம் கூடிப் போட்ட ஒரு சட்டம். பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயது வரை கைகால் திடமான வெள்ளைக்கார ஆண்கள் எல்லாரும் ஊர்ப்படையில் சேர வேண்டும். துப்பாக்கி, அதன் முனைக்குச் சொருகும் கத்தி, தோட்டாப் பை, முதுகுப் பை எல்லாம் அவரவர் காசில் வாங்கிக்கொள்ள வேண்டும். வராதவனிடம் அபராதம் வாங்கும் திருப்பணியை எங்கள் மாநிலம் ஏற்றுக்கொண்டது. இந்தச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று ஜனாதிபதிகள் மாறி மாறி எழுதினார்களாம். நாடாளுமன்றத்தில் இருப்பவர்களும் முழுவதையும் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்களாம். ஆகவே வருடந்தோறும் செப்டம்பரில் படைநாள் அன்று நாங்கள் பயிற்சிக்கு மைதானத்தில் நின்றோம். பாதிப்பேர் தோளில் துப்பாக்கிக்குப் பதில் சோளத்தட்டை. ஒருத்தர் குடையோடு வருவார், மழை வந்தால் அவர்தான் புத்திசாலி.

எங்கள் கேப்டன் ஹிராம் க்ரோக்கர், சாராயக்கடை முதலாளி. கேப்டனைத் தேர்ந்தெடுப்பது நாங்கள்தான், ஓட்டுப் போட்டு. தேர்தல் அன்று அவர் கடையில் பீப்பாய் இலவசமாகத் திறக்கும். பீப்பாய் செய்கிறவன் நான். அவருக்கு விழுந்த ஓட்டுகளின் கொள்ளளவு எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒபதியா பதினெட்டு வயதில் முதல்முறை மைதானத்துக்கு வந்தபோது க்ரோக்கர் வெறும் சார்ஜென்ட். எல்லாரும் வலப்பக்கம் திரும்பினால் ஒபதியா இடப்பக்கம் திரும்பி, அடுத்தவன் மூக்கோடு மூக்கு வைத்து நிற்பார். க்ரோக்கர் அவருடைய ஒரு காலில் காய்ந்த புல்லையும் இன்னொன்றில் வைக்கோலையும் கட்டினார்.

"புல்லுக் கால்! வைக்கோல் கால்! இதுகூடவாடா தெரியல?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானே சார்ஜென்ட் இருக்கு" என்றார் ஒபதியா. "மாட்டைக் கூப்புட்டாத்தான் வித்தியாசம் சொல்லும்."

ஊரே சிரித்தது. இஞ்சி ரொட்டி விற்றுக்கொண்டிருந்த மெகிட்டபிளும் சிரித்தாள். அவளைக் கட்டிக்கொள்ள நினைத்திருந்தவர் கால்களில் மாட்டுத்தீனியோடு மைதானத்தைவிட்டு நடந்தார். மறுநாள் ஓடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மெகிட்டபிள் அவரைத்தான் கட்டிக்கொண்டாள், அது வேறு விஷயம். ஆனால் அந்த மைதானத்தில் அவர் மறுபடி கால் வைக்கவே இல்லை. படைநாள் வந்தால் அவள் அங்கே தனியாக ரொட்டி விற்பாள், இவர் ஆற்றில் தனியாக முரசுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். இருபது வருடத்துக்கு மேல் இப்படி.

அவரை ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று நாங்கள் யோசித்ததில்லை. உதவாதவர் என்று விட்டிருப்பார்கள் என நினைத்தோம். அதைப் போட்டு உடைத்தவர் க்ரோக்கரே.

ஒரு வருடம் கூட்டம் குறைந்துபோன கோபத்தில், எங்களைப் பயமுறுத்துவதற்காகச் சட்டத்தைத் தன் கடையிலேயே உரக்கப் படித்தார். யார் வர வேண்டும் என்பதை இடிமுழக்கமாகப் படித்தார். அப்படியே யார் வர வேண்டாம் என்பதற்கு வந்துவிட்டார். நீதிபதிகள், தபால்காரர்கள், கடலில் போகும் மாலுமிகள். அப்புறம் குரல் தேய்ந்தது.

"என்ன கேப்டன், தொண்டை கட்டிக்கிச்சா? படிங்க" என்றேன்.

"தபால் சாலையில இருக்குற ஓடத்துல... வேலை பாக்குற... ஓடக்காரங்க எல்லாரும்."

முப்பது தலைகள் ஒரே நேரத்தில் ஆற்றுப் பக்கம் திரும்பின. அந்தப் படை ஒற்றுமையாகத் திரும்பியது அன்றுதான் முதல்முறை.

அடுத்த வருடம் படைநாள் விடிந்தபோது பிஜன் ஆற்றில் ஒபதியாவைத் தவிர இன்னும் முப்பது ஓடக்காரர்கள் இருந்தோம். ஒபதியா தலையைச் சொறிந்தார். "கல் எறிஞ்சா அக்கரையில விழுற ஆறுய்யா இது. இத்தனை பேர் எதுக்கு?"

"சட்டம் மச்சான், சட்டம்" என்றேன்.

க்ரோக்கர் இறகு வைத்த தொப்பியும் இடுப்பில் வாளுமாகக் கரைக்கு வந்தார். பின்னால் முரசுக்காரன் ஒருத்தன்தான்.

"ஓடக்காரங்களா நீங்க? சரி, ஓட்டுங்க. சாயங்காலம் வரைக்கும் எவன் கை சும்மா இருந்தாலும் அபராதம்!" என்று கரையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வண்டி ஏறும் அகலமான தட்டை ஓடம் அது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக நின்று, கழியை ஆற்றின் அடியில் ஊன்றி, முன்னிருந்து பின்னுக்கு நடந்து தள்ள வேண்டும். முப்பது பேர் தள்ளினோம். கழியும் கழியும் மோதியது. தச்சர் ஈனோக் தண்ணீரில் விழுந்தார். க்ரோக்கர் முக்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நிறுத்துங்கய்யா!" என்று ஒபதியா கத்தினார். "எல்லாரும் ஒண்ணா கால் எடுத்து வைங்க. மொதல்ல இந்தக் கால்."

"இந்தக் கால்னா எது, இடதா வலதா?"

ஒபதியா முகம் சிவந்தது. தண்ணீரைப் பார்த்தார். "தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வருதோ அந்தப் பக்கத்துக் கால். அப்புறம் தண்ணி போற பக்கத்துக் கால். வர்ற தண்ணி! போற தண்ணி! வர்ற தண்ணி! போற தண்ணி!"

ஆறு கண்முன்னால் ஓடும்போது யாருக்குத்தான் தப்பும்? மூன்றாவது நடையில் முப்பது பேரும் ஒரே ஆள் போல நடந்தோம். பாட்டுப் பாடாத குறைதான். க்ரோக்கர் குலுங்குவதை நிறுத்தினார்.

மதியம் அக்கரையில் ஒரு குதிரை வந்து நின்றது. மேலே ஒரு மேஜர், படைகளைச் சோதித்து மேலிடத்துக்குச் சொல்லும் அதிகாரி. ஏற்றிக்கொண்டு வந்தோம். வழி நெடுக எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தவர், இறங்கும்போது கேட்டார்.

"இந்த மாவட்டத்துலேயே இப்படி ஒரு நடையை நான் பாக்கல. யாரோட படை இது?"

"என்னோடதுதான் ஐயா!" கரையில் க்ரோக்கர் துள்ளி எழுந்ததில் முக்காலி உருண்டது.

"நாங்க ஓடக்காரங்க ஐயா" என்றேன்.

மேஜர் ஆற்றின் இரண்டு கரையையும் பார்த்தார். "இந்த அகலத்துக்கா? ஒருத்தன் ஓடக்காரன். மிச்சம் பேரெல்லாம் படை. நடங்க மைதானத்துக்கு."

வாதாட ஒன்றும் இல்லை. முப்பது பேரும் கரையேறினோம். அந்த ஒருத்தன் யார் என்பதில் சந்தேகமில்லை. சட்டம் ஒபதியாவை ஓடத்திலேயே விட்டுவைத்தது.

நான் திரும்பிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். "மச்சான், க்ரோக்கர் குரலுக்கு எங்க கால் நகராது. நீ வா."

"அங்க வரமாட்டேன் ஈசக்கு. மறுபடியும் காலுல புல்லைக் கட்டிக்கிட்டு நிக்கவா? அதுவும் மெகிட்டபிள் முன்னாடி?"

"அவதான் வருசா வருசம் உனக்குன்னு ஒரு ரொட்டியை விக்காம வச்சிருந்து, சாயங்காலம் அவளே தின்னுட்டு வீட்டுக்கு வர்றா. உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. கயிற்றை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்து ஓடத்தைக் கட்டினார். கூடவே நடந்தார்.

மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. அவரைக் கண்டதும் மெகிட்டபிள் கையிலிருந்த ரொட்டியைக் கீழே போட்டுவிட்டாள். க்ரோக்கர் வாளை உருவிக்கொண்டு முன்னால் நின்றார். ஒபதியா ஓரமாக நின்றார். அங்கிருந்து ஆறு தெரியாது, மரங்கள் மறைத்தன. ஆனால் அவர் அந்தப் பக்கம் திரும்பி, தண்ணீர் இருக்கும் இடத்தைப் பார்த்தபடி குரல் கொடுத்தார்.

"வர்ற தண்ணி!"

முப்பது தலையும் மரங்களைப் பார்த்தது. முப்பது காலும் கிளம்பியது. அந்த ஆற்றங்கரையில் பிறந்தவர்கள் நாங்கள், எங்களுக்குமா தெரியாது? மேஜர் தலையை ஆட்டி ரசித்தார்.

"பிரமாதம். அப்படியே மேற்கே திருப்பு" என்றார்.

"அந்தப் பக்கம் திரும்பினா ஆறு நேரா மூஞ்சியில வருது ஐயா. வர்ற தண்ணிப் பக்கம்னு ஒரு கால் கிடையாது" என்றார் ஒபதியா.

மேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அதிகாரிகள் அதைக் காட்டிக்கொள்வதில்லை. "சரி, வந்த வழியே திரும்பு" என்றார்.

திரும்பினோம். போகும்போது தண்ணீர் வரும் பக்கம் இடது கால். திரும்பியதும் அது வலது கால் ஆகிவிட்டது. நாங்கள் தண்ணீரை நம்பினோம், மாற்றினோம். க்ரோக்கர் இடது காலை நம்பினார். படை முழுக்க ஒரு காலில் போக, அவர் மட்டும் மறு காலில் போனார். ஒரு குதி குதித்து மாற்றிப் பார்த்தார். இன்னொரு குதி. வாள் காலுக்கு நடுவில் புகுந்தது. இறகுத் தொப்பி ஒரு பக்கம், கேப்டன் முரசின் மேல். முரசு கிழிந்த சத்தம் ஆறுவரை கேட்டிருக்கும்.

ஊர் சிரித்த சிரிப்பை எழுதி மாளாது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் யாரோ, "கொண்டாங்கய்யா புல்லும் வைக்கோலும்!" என்று கத்தினார்கள்.

சிரிக்காதவர் ஒருத்தர்தான். ஒபதியா மைதானத்தின் நடுவே நடந்துபோனார். க்ரோக்கரைத் தூக்கி நிறுத்தினார். தொப்பியைத் தட்டித் தலையில் வைத்தார். பிறகு அவர் தோளைப் பிடித்து மெதுவாக மரங்களின் பக்கம் திருப்பி, மெகிட்டபிள் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்:

"ஆறு அந்தப் பக்கம், கேப்டன். பயப்படாதீங்க, என்கூடவே வாங்க. மொதல்ல வர்ற தண்ணி."