டான்சியின் கடைவாய்ப் பற்கள்

வெல்டா ஸ்ட்ரிக்லண்ட் ஓக்லஹோமாவில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒருநாள் கையெல்லாம் கன்றிப்போய் ஏறிய ஒரு சிறுமியைப் பற்றிப் புகார் எழுதிக் கொடுத்தாள். யாரும் வந்து பார்க்கவில்லை. அடுத்த மாதம் அந்தக் குடும்பமே ஊரைவிட்டுப் போய்விட்டது. அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை.

ஓய்வு பெற்ற வாரமே நீதிமன்றத்தில் பெயர் கொடுத்தாள். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைக்காக நீதிபதியிடம் பேசும் தன்னார்வலர் வேலை. மாதம் ஒருமுறையாவது குழந்தையைப் போய்ப் பார்க்கவேண்டும், விசாரிக்கவேண்டும், அறிக்கை எழுதவேண்டும்.

முதலில் வந்தவள் டான்சி. ஆறு வயது. தாய் போதை மருந்தில் கிடந்ததால் வளர்ப்பு வீடொன்றில் விட்டிருந்தார்கள். வெல்டா போனபோது அவள் மக்ரோனியை மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது.

"வாயைத் தொறடா கண்ணு."

"வேணாம் மிஸ் வெல்டா. நாறும்."

திறந்தாள். கடைவாயில் மூன்று பற்கள் கறுத்துக் குழிந்து, ஈறில் சீழ் கட்டியிருந்தது.

வளர்ப்புத் தாய் கையை விரித்தாள். "மயக்க மருந்து குடுத்துப் புடுங்கணுமாம். அதுக்குக் குழந்தைகள் நல ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும். எட்டு மாசமா கேக்குறேன். கேட்ட ஆளு மாறிப்போயிடுறாங்க."

அலுவலகத்தில் டான்சிக்குப் பொறுப்பாக இருந்த பிரென்ட் நான்காவது ஆள். வெல்டா ஏழு முறை அழைத்தபிறகுதான் எடுத்தான்.

"மேடம், என் தலையில முப்பத்தொம்பது புள்ளைங்க இருக்கு."

"எனக்கு ஒண்ணுதான் தம்பி. அதான் ஏழு தடவை போன் போடுறேன்."

கையெழுத்து வரவில்லை. விசாரணை நாளன்று அலுவலக வக்கீல் எழுந்து, குழந்தை நலமாக இருக்கிறது, மூன்று மாதம் தள்ளி வைக்கலாம் என்றார். நீதிபதி நாட்காட்டியைப் புரட்டினார். வெல்டா எழுந்துவிட்டாள்.

"எது நலம்? சாப்பாட்டை மெல்ல முடியாம முழுங்குது அந்தப் புள்ள!"

"உக்காருங்க மேடம். உங்க அறிக்கை என்கிட்ட இருக்கு."

"இருக்கு யுவர் ஆனர். படிச்சீங்களா?"

நீதிபதி தாள்களை எடுத்துப் படித்தார். வாயின் புகைப்படத்துக்கு வந்தபோது அவர் காதுமடல் சிவந்தது. நிமிர்ந்து பிரென்டைப் பார்த்தார்.

"பேனா இருக்கா?"

எட்டு மாதம் கிடைக்காத கையெழுத்து அரை நிமிடத்தில் ஆயிற்று.

தன்னார்வலர் குழந்தையைத் தன் காரில் ஏற்றக்கூடாது என்பது விதி. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிப்போனவள், பல்லைக் கடித்துக்கொண்டு பிரென்டின் காருக்குப் பின்னாலேயே மருத்துவமனை வரை ஓட்டிப்போனாள். மூன்று பற்களையும் எடுத்தார்கள்.

பிரென்ட் வேலையை விட்டபோது மன்னிப்புக் கேட்டு அழைத்தான். "உன் மன்னிப்பை வச்சு நான் என்ன செய்ய? மிச்சம் முப்பத்தெட்டு புள்ளைங்க வாயை யாரு பாத்தா?" என்றாள்.

தாயிடமிருந்து பிரித்த பத்தொன்பதாம் மாதம் டான்சியைப் பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவில் இருந்த சித்தியிடம் ஒப்படைத்தார்கள். நல்லவள், தனி அறையே தயாராக வைத்திருந்தாள். அன்று அவள் சொல்லித்தான் வெல்டாவுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பிள்ளையைத் தன்னிடம் தரும்படி அந்தச் சித்தி முதல் மாதமே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். வெல்டா போய்த் தேடியபோது உறை பிரிக்கப்படாமலேயே கோப்பில் கிடந்தது.

வெல்டா அதன் தபால் முத்திரைத் தேதியைக் கடைசி அறிக்கையின் முதல் வரியாக எழுதினாள். பேனா அழுந்தித் தாள் கிழிந்தது. கிழிசலோடேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.