பாஸ்கர் இடப்பக்கம் உட்கார்ந்த நாள்

காலை ஆறு மணிக்கு வடக்குப்பட்டில் கிளம்பினேன். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ நாற்பது ரூபாய். நைட் ஷிஃப்ட் முடித்த பையன்கள் என் தோளில் சாய்ந்து தூங்கினார்கள்.

"இன்னாண்ணா, லீவா?" என்றார் டிரைவர்.

"ஏரோப்ளேன்ல போறேன். என் சிநேகிதன் ஓட்டுறான்."

"ஆட்டோல குந்திக்கினு ஏரோப்ளேன் கதையா! நடத்து."

ரயிலுக்குப் பத்து ரூபாய். திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம்.

பாஸ்கரும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்ச். நான் எட்டாவதோடு நின்றேன். ஒரகடத்தில் கார் கம்பெனியில் பாகம் பூட்டும் லைனில் வேலை. அவன் விமானப்படையில் இருபது வருஷம் போர் விமானம் ஓட்டினான். பயணிகள் விமானத்துக்கு வந்ததும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். கேப்டன் இடப்பக்கம், துணை விமானி வலப்பக்கம். நாலு வருஷம் வலப்பக்கமே. இன்றுதான் கேப்டனாக முதல் நாள். "சொதப்பினா திரும்ப வலப்பக்கம்தான்டா" என்று போனில் சொல்லியிருந்தான்.

இறக்கையில் விசிறி வைத்த சின்ன விமானம். தூத்துக்குடிக்கு எழுபது பேர். மேலே தூக்கியதும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டேன். செம்பரம்பாக்கம் ஏரி தகடு மாதிரி கிடந்தது. அப்புறம் ஒரகடம். வெள்ளைக் கூரைகள். யார்டில் அரிசி கொட்டியது மாதிரி கார்கள். அதில் சில கதவுகள் நான் மாட்டியவை.

எனக்குப் பேச்சு வராது. அன்று வந்தது. நம்ம கேப்டன் போர் விமானம் ஓட்டினவன் என்று முன்னும் பின்னும் எல்லாரிடமும் சொன்னேன். பக்கத்தில் தூத்துக்குடிப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனி வேலை. அவளிடம் இரண்டு தடவை சொன்னேன்.

உப்பளம் தெரிந்தது. காற்று பக்கவாட்டில் அடித்தது. தரைக்கு நாலு பனை உயரம்தான் இருக்கும். திடீரென்று இரைச்சல். பாஸ்கர் விமானத்தின் மூக்கைத் தூக்கி மேலே போய்விட்டான்.

"ஃபைட்டரு ஓட்டினவருக்குத் தரை எங்க கீதுன்னு தெரியலையா?" என்றார் பின்சீட்டுக்காரர். சிலர் சிரித்தார்கள். போச்சு, வலப்பக்கம் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் திரும்பினாள். "சிரிக்காதீய அண்ணாச்சி. லைன்ல கோளாறுன்னா கயித்த இழுத்து நிப்பாட்ட மாட்டோமா? அதத்தான் செஞ்சிருக்காவ."

உண்மைதான். போல்ட் சரியாக உட்காரவில்லை என்றால் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். மொத்த லைனும் நின்று நம்மையே பார்க்கும். அதற்குக் கூசி விட்டுவிடுகிறவன்தான் ஆபத்து.

ஸ்பீக்கரில் பாஸ்கர் குரல். "கேப்டன் பேசறேன். காத்து சரியில்ல. சுத்தி வந்து எறங்கறோம்." அவசரமே இல்லாத குரல்.

இரண்டாவது தடவை தட்டென்று உட்கார்ந்தது. கை தட்டினோம். பின்சீட்டுக்காரரும் தட்டினார்.

கீழே இறங்கி நடக்கும்போது, சக்கரத்தைச் சோதிக்க அவன் வந்தான்.

"ஆபீஸ்ல திட்டுவாங்களாடா?" என்றேன்.

"மேல போனதுக்கா? போகலன்னாதான் திட்டு."

"நீ பார்க்காத காத்தா?"

"தனியா இருந்தா எறக்கியிருப்பேன்டா. பின்னால நீங்கல்லாம் இருந்தீங்க."

வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காற்று அப்படி.