ஒரு கர்ச்சீப்பும் உலக சுகாதாரமும்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஃபேரர் பார்க் பக்கத்தில் உள்ள குழந்தைகள் கிளினிக்கில் ஒரு மிஸ்ஸி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... போலீஸ்காரர்கூடப் பிக்பாக்கெட்டை அப்படிப் பார்க்க மாட்டார்!

மிஸ்ஸி என்றால் நர்ஸ். ஊரிலிருந்து புதிதாகச் சிங்கப்பூருக்குக் கப்பலில் வந்திறங்கியவர்களுக்காகச் சொல்கிறேன்.

அவர் கையில் என் மகள் மலர்க்கொடியின் இடது கை. ஒன்பது மாதக் குழந்தை. அந்தக் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரலால் தடவினார். மறுபடி திருப்பினார். எட்டு நாளைக்கு முன்னால் அதே இடத்தில் தோலைக் கீறி, மருந்து தடவி, அம்மை குத்தியிருந்தார்கள். இந்நேரம் அங்கே கொப்புளம் பொங்கி நிற்க வேண்டும். ஒன்றையும் காணோம். கை வழுவழுவென்று இருந்தது.

"யாரு சார் மருந்தைத் துடைச்சது?" என்றார்.

என் மனைவி கமலம் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பால்மாவு போஸ்டரைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். கமலத்தின் அப்பா நாகப்பட்டினத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பேத்தியை ஒரு தடவையாவது தூக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று கடிதத்துக்குக் கடிதம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. தாயும் மகளும் மட்டும் போவதாக ஏற்பாடு. கப்பலில் டெக் டிக்கெட் வாங்கியாயிற்று. பெட்டி கட்டியாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்று — குழந்தைக்கு அம்மை குத்திய சர்ட்டிபிகேட்.

அது இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் அச்சடித்த சின்னப் புத்தகம். ஜெனீவாவில் பல நாட்டுக்காரர்கள் கூடி உட்கார்ந்து, எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் இதே புத்தகம், இதே விதி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் தடவை அம்மை குத்துகிறவர்களுக்கு எட்டாம் நாள் கையைப் பார்க்க வேண்டும். கொப்புளம் வந்திருந்தால்தான் கையெழுத்து. வராவிட்டால் மறுபடி குத்து, மறுபடி எட்டு நாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பேஷாகத் தெரியும். இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் கொஞ்ச நாளைக்கு முன் முழங்கியவனே நான்தானே! காசநோய்க்குத் தடுப்பூசி, தாய்மாருக்குப் பால்மாவு, மலேரியாவுக்கு மருந்து... நாடுகள் சண்டைக்கு மட்டும்தான் சேருமா, சுகாதாரத்துக்கும் சேரும் என்று எழுதினேன். பாராட்டிக் கடிதம்கூட வந்தது.

அப்புறம் ஏன் துடைத்தேன்?

காதர் பாய் சொன்னார், துடைத்தேன். சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார். தினமும் காலையில் ஒரே மேசையில் கோப்பி குடிக்கிற நண்பர்.

"அண்ணே, அம்மை குத்தினா புள்ளைக்கு மூணு நாள் காய்ச்சல் கொளுத்தும்லா. வாசலைத் தாண்டினதும் துடைச்சு விட்ருங்க. எங்க வீட்டுப் புள்ளைங்களுக்கெல்லாம் அப்படித்தான் செஞ்சோம்."

"எட்டாம் நாள் பாப்பாங்களே பாய்?"

"அந்தக் கூட்டத்துல யாரு பாக்கப் போறா? சீல் குத்தி அனுப்பிடுவாங்க."

குத்தியதும் குழந்தை வீறிட்டு அழுதது. கமலம் உள்ளே மறந்து வைத்த பையை எடுக்கப் போனாள். கிளினிக் வாசலில் ஒரு குழாய். என் பாக்கெட்டில் ஒரு கர்ச்சீப். அப்பன் பாசம் பொங்கிவிட்டது. நனைத்தேன், அழுத்தித் துடைத்தேன். முடிந்தது வேலை.

"நான்தான் மிஸ்ஸி," என்று ஒப்புக்கொண்டேன்.

"மறுபடி குத்தணும் சார். எட்டு நாள் கழிச்சுக் கொண்டு வாங்க."

"வெள்ளிக்கிழமை கப்பல் மிஸ்ஸி! இவங்க அப்பா ரொம்ப முடியாம இருக்காரு. ஒரு கையெழுத்துதானே, போட்டுடுங்க."

"அந்தக் கையெழுத்தை நம்பித்தான் சார் நாகப்பட்டினத்துல ஒரு ஆபீசர் உங்க பிள்ளையக் கரையில இறக்குவாரு. அவரை நான் பாத்ததில்ல, என்னை அவரு பாத்ததில்ல. பொய் எழுதிக் கொடுக்கச் சொல்றீங்களா?"

"நான் பத்திரிகையில..."

"தெரியும் சார். ஜெனீவாவப் பத்தி எழுதியிருந்தீங்க. படிச்சேன், நல்லா இருந்துச்சு."

இதற்கு அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். கமலம் குழந்தையின் கையை மறுபடி நீட்டினாள். இந்தத் தடவை வீடு வந்து சேரும்வரை கர்ச்சீப் அவள் இடுப்பில்தான் இருந்தது.

நான் சும்மா இருந்தேனா? சாயங்காலமே காதர் பாயிடம் ஓடினேன். அவருக்கு ஒரு ஆளைத் தெரியும். பெயர் வேண்டாம். பழைய தேதியைப் போட்டுக் கையெழுத்து வாங்கித் தருகிற கெட்டிக்காரர். என் மனசு கணக்குப் போட்டது... அம்மை குத்தியாயிற்று, கப்பல் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும், அதற்குள் கொப்புளம் வந்துவிடப் போகிறது. வெறும் தேதிதானே? அதில் என்ன பெரிய பாவம்?

கமலத்திடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"வரலைன்னா?" என்றாள்.

"என்ன வரலைன்னா?"

"கொப்புளம் வரலைன்னா? எங்க அத்தைங்க ரெண்டு பேரும் ஒரே வாரத்துல பெரியம்மையில போனாங்க. அப்பா பொழச்சாரு, ஆனா மூஞ்சியெல்லாம் தழும்பு. நீங்களே பாத்திருக்கீங்க. அந்த ஊர்ல இன்னும் பெரியம்மை போகல. அங்க போயி இந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, தேதி போட்டுக் குடுத்த ஆளு வந்து நிப்பாரா?"

கமலம் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அப்பாவப் பாக்கணும்னு உங்களைவிட எனக்குத்தாங்க ஆசை. இருந்தாலும் வேணாம்."

வெள்ளிக்கிழமை கப்பல் போயிற்று. கட்டிய பெட்டி கட்டியபடியே கட்டிலுக்கடியில் கிடந்தது. கமலம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சாப்பிட்டிருப்பேன்.

இரண்டாவது குத்து நன்றாக எடுத்தது. கொப்புளம் பொங்கியது, காய்ச்சலும் வந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எட்டாம் நாள் மிஸ்ஸி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி," என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த கப்பலுக்கு இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் காதர் பாய்க்குக் கோபம். "சுயாட்சி வந்தாச்சு, இன்னுமா ஐரோப்பாவுல இருக்குறவன் சொல்றதக் கேக்கணும்? அவனுக்கும் நம்ம மலர்க்கொடி கைக்கும் என்னலா சம்பந்தம்?"

நல்ல கேள்வி. என் பதிலையும் கேளுங்கள். ஐரோப்பாக்காரன் மட்டும் போட்ட விதி இல்லை இது. அந்த மேசையில் நம் ஆசிய நாடுகளும் உட்கார்ந்திருக்கின்றன. பெரியம்மைக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், டெக் டிக்கெட்கூட வேண்டாம். அது நாகப்பட்டினத்தில் ஏறிச் சிங்கப்பூரில் இறங்கும். தனித்தனியாக நின்று அதை எந்த நாடு தடுக்க முடியும்? எல்லாத் துறைமுகமும் ஒரே பேச்சுப் பேசினால்தான் முடியும். ஆனால் எத்தனை மாநாடு கூடினாலும், கடைசியில் அந்த வேலை ஒரு மிஸ்ஸி ஒரு குழந்தையின் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதில் வந்து நிற்கிறது. அங்கே என்னைப் போல் ஒருவன் குழாயடியில் நின்றால்? நமக்கு முத்திரை வேண்டும், மருந்து வேண்டாம். அதுதான் நம் கோளாறு.

பெரியம்மையை உலகத்தைவிட்டே ஒழிக்கப் போகிறார்களாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒழியும் என்று நான் அடித்துச் சொல்கிறேன். ஏனென்றால், மறுவாரமே அதே கிளினிக் வரிசையில் காதர் பாயைப் பார்த்தேன். கூடவே அவர் பிள்ளைகள் மூன்று பேர். என்ன பாய் என்றேன். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்லா," என்றார்.

நேற்று நாகப்பட்டினத்திலிருந்து கமலத்தின் கடிதம் வந்தது.

கப்பலில் குழந்தைக்கு ஒரு தொந்தரவும் இல்லையாம். துறைமுகத்தில் புத்தகத்தைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். அப்பா இருக்கிறார். ஆனால்... 'போன கப்பலில் வந்திருந்தால் தூக்கியிருப்பார். இப்போது கையைத் தூக்க முடியவில்லை. குழந்தையை அவர் மார்மேல் படுக்க வைத்தேன்,' என்று எழுதியிருந்தாள்.

அந்த வரியைப் படித்துவிட்டு அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஏன் தாமதம் என்று அப்பா கேட்டாராம். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவர் பேத்தியின் தழும்பையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாராம்: "மாப்பிள்ளை பத்திரிகையில எழுதுறவராச்சே. இதையும் எழுதச் சொல்லும்மா. இன்னும் எத்தனை பேரு துடைக்கிறாங்களோ."

எழுதிவிட்டேன், மாமா.